‘எந்த மெஷினும் வேண்டாம்’ என்று எழுதி வைத்தால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 67. பத்து வருடங்களாக சி.ஓ.பி.டி. என்ற நுரையீரல் நோய் இருக்கிறது. இரவில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். என் கணவர் பக்கவாதம் வந்து, ஐ.சி.யூ.வில் 23 நாள் வென்டிலேட்டரில் இருந்து இறந்தார். அதை எடுப்பதா வேண்டாமா என்று மகனும் மகளும் போட்ட சண்டை இன்னும் ஆறவில்லை. எனக்கு அப்படி நேரக் கூடாது என்பதற்காக, ‘எனக்கு எந்த மெஷினும் வைக்கக் கூடாது’ என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். இது செல்லுமா? மகளிடம் பேச முடிகிறது. மகனோ பேச்செடுத்தாலே ‘இப்ப எதுக்கும்மா இதெல்லாம்’ என்று எழுந்து போய்விடுகிறான். யாரிடம் பொறுப்பை ஒப்படைப்பது? பிறகு என் மனம் மாறினால் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தீர்களே, அதுவே பெரிய வேலை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியம் உங்களுக்கே தீங்காக முடியலாம். உங்கள் நோயை வைத்தே சொல்கிறேன்.

சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு நெஞ்சில் தொற்று வந்து மூச்சு முட்டும்போது ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். ஏற ஏற அசதி சொக்கும், பேச்சு குழறும், கடைசியில் கூப்பிட்டாலும் கண் திறக்காது. அந்தக் கடைசிக் கட்டத்துக்குப் போகும் முன்பே முகத்தில் ஒரு மாஸ்க்கை இறுக்கிக் கட்டி, காற்றை அழுத்திக் கொடுக்கும் பைபாப் என்ற கருவியைப் பொருத்துவார்கள். தொண்டைக்குள் குழாய் எதுவும் போகாது. பலருக்கும் சில நாட்களில் கழற்றிவிடலாம். கரியமில வாயு ஏறிவிட்ட சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் உயிரிழப்பைக் கணிசமாகக் குறைக்கும் சிகிச்சை இது. வென்டிலேட்டர் வரை போக வேண்டிய தேவையையும் குறைக்கிறது. உங்கள் தாளைப் படிக்கும் ஒரு மருத்துவர், ‘பைபாப்பும் மெஷின்தானே’ என்று அதைத் தவிர்த்துவிடலாம். இன்னொருவர், ‘இவ்வளவு பொத்தாம்பொதுவாக எழுதியதை நம்பி நான் எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது’ என்று தாளை ஓரமாக வைத்துவிட்டு எல்லாவற்றையும் செய்துவிடலாம். உங்கள் விருப்பம் இரண்டு இடத்திலும் தோற்றுப்போகிறது. சொல்லப்போனால், இரவில் நீங்கள் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கருவியும் மெஷின்தான்.

ஒரே வென்டிலேட்டர் நிமோனியாவைத் தாண்டுவதற்கு ஐந்து நாள் உதவும் பாலமாகவும் இருக்கலாம். மூளை மீளாத நிலையில் உடலை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும் இயந்திரமாகவும் இருக்கலாம். உங்கள் கணவருக்கு அது இரண்டாவதாக இருந்தது. உங்களுக்கு எது வேண்டாம் என்பதைக் கருவியின் பெயரால் சொல்ல முடியாது. எந்த நிலையில், எந்த நோக்கத்துக்காக வைக்கிறார்கள் என்பதைக் கொண்டுதான் சொல்ல முடியும். ஆகவே நிலையை எழுதுங்கள். கருவிகளின் பெயர் அதற்குக் கீழே வரட்டும்.

நிலையை எழுதுவதற்கு முன் சில கேள்விகளுக்கு நீங்கள் உங்களிடமே பதில் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் போனால் அது உங்களுக்கு வாழ்க்கையா? படுக்கையிலேயே இருந்தாலும் பேசவும் சிரிக்கவும் முடிந்தால் போதுமா? குளிப்பாட்ட, துடைத்துவிட இன்னொருவர் வேண்டும் என்பது உங்களால் தாங்கக்கூடியதா? தாங்கலாம் என்றால் சில வாரமா, எத்தனை காலமானாலுமா? மீண்டு வருவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு இருந்தால் ஐ.சி.யூ.வின் வேதனையைப் பொறுத்துக்கொள்வீர்களா, பத்தில் ஐந்தாவது இருக்க வேண்டுமா? கடைசி நாட்கள் வீட்டிலா, மருத்துவமனையிலா? இவற்றுக்குப் பொதுவான சரியான விடை கிடையாது. ஒரே நோய் உள்ள இரண்டு பேர் நேர் எதிராகச் சொல்வார்கள், இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

எழுதும்போது தவிர்க்க வேண்டிய சொற்கள் சில உண்டு. ‘நம்பிக்கை இல்லாவிட்டால்’, ‘ரொம்ப முடியாமல் போனால்’, ‘கண்ணியமாகப் போக வேண்டும்’. இவை படிப்பவருடைய மனநிலைக்கு ஏற்றபடி நீளும், சுருங்கும். உங்கள் மகன் ‘ஒரு சதவீதம் நம்பிக்கை இருக்கிறது’ என்பான். மகள் ‘அது நம்பிக்கையா?’ என்பாள். பழைய சண்டை மறுபடியும் தொடங்கும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

‘நான் யார், என் எதிரில் இருப்பவர் யார் என்று அறிய முடியாத நிலைக்கு நான் வந்து, அதிலிருந்து மீள மாட்டேன் என்று என்னைப் பார்க்கும் மருத்துவரும் இன்னொரு மருத்துவரும் கருதினால், உயிரை நீட்டிப்பதற்காக மட்டும் செய்யப்படும் சிகிச்சை எனக்கு வேண்டாம். வென்டிலேட்டர், டயாலிசிஸ், நின்ற இதயத்தை மீண்டும் இயக்கும் முயற்சி, குழாய்வழி உணவு ஆகியவை இதில் அடங்கும்.’

‘என் நுரையீரல் நோய் திடீரென்று மோசமானால் ஆக்சிஜன், நெபுலைசர், ஆன்டிபயாட்டிக், பைபாப் மாஸ்க் ஆகியவற்றுக்குச் சம்மதம். மாஸ்க் போதாமல் போனால், நான் இப்போதிருக்கும் நிலைக்கு ஓரளவாவது திரும்ப வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்கள் கருதினால் மட்டும், வென்டிலேட்டரை 7 நாள்வரை வைத்துப் பார்க்கலாம். முன்னேற்றம் இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். கழுத்தில் துளையிட்டு நீண்ட நாள் வென்டிலேட்டரில் வைப்பதற்குச் சம்மதமில்லை.’

‘எந்த நிலையிலும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் பதற்றத்துக்கும் மருந்து தரப்பட வேண்டும். அதனால் மயக்கம் கூடினாலும் எனக்குச் சம்மதம்.’

இவை மாதிரிகள். உங்கள் மனசு வேறு மாதிரி இருந்தால் மாற்றி எழுதுங்கள். இரண்டாவது பத்தியில் உள்ள ‘7 நாள்’ என்ற எண்ணை உங்கள் நுரையீரல் மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். காலவரம்பு வைத்துப் பார்க்கும் இந்த முறைதான் உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் பயன்படும் என்பது என் கருத்து. நுரையீரல் ஏற்கெனவே பலவீனமாக இருப்பதால் சி.ஓ.பி.டி. நோயாளிகளை வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கச் சில சமயம் நாள் பிடிக்கும். அப்படியும் முடியாமல் பத்து நாள், இரண்டு வாரம் என்று ஆகும்போது, தொண்டைக் குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் துளையிடலாமா என்ற கேள்வி வரும். டிரக்கியாஸ்டமி என்பார்கள். அதைச் சிறிய அறுவை சிகிச்சை என்றுதான் குடும்பத்திடம் சொல்வார்கள், செய்முறையளவில் அது உண்மையும்கூட. ஆனால் பல நேரங்களில் அது மாதக்கணக்கான இன்னொரு வாழ்க்கைக்குள் நுழையும் வாசல். அந்த வாசலில் நிற்கும்போது உங்கள் பிள்ளைகளின் கையில் உங்கள் பதில் இருக்க வேண்டும்.

முன்னேற்றம் என்றால் என்ன என்பதையும் மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுவைக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆக்சிஜன் அளவைக் குறைக்க முடிகிறதா, விழித்துச் சொன்னதைச் செய்கிறாரா, கருவியின் உதவியைக் குறைத்து 30 நிமிடம் முதல் 2 மணி நேரம்வரை தானே மூச்சுவிட வைக்கும் சோதனையில் தேறுகிறாரா. இந்த மூன்றையும் தினமும் கேட்டால் போதும். ‘ஸ்டேபிளாக இருக்கிறார்’ என்ற பதிலில் இவை எதுவும் இருக்காது.

ஒரு சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதும், தொடங்கியதைப் பயனில்லை என்று நிறுத்துவதும் மருத்துவ அறத்தில் ஒன்றே. இதைப் பிள்ளைகளுக்கு இப்போதே விளக்கிவிடுங்கள். கட்டில் பக்கத்தில் நிற்கும்போது நிறுத்துவது கொலை மாதிரித் தோன்றும். அதற்குப் பயந்தே, பயன்படக்கூடிய கருவியைத் தொடங்காமல் விடும் குடும்பங்களும் உண்டு. நிறுத்தும்போது அப்படியே பிடுங்கிவிட மாட்டார்கள். மூச்சுத்திணறல் தெரியாதபடி முன்னதாகவே மருந்து கொடுத்துவிட்டுத்தான் குழாயை எடுப்பார்கள். அதற்குப் பின் உயிர் பிரிந்தால், உயிரை எடுத்தது நோய்.

இதயம் நின்றால் மீண்டும் இயக்கும் முயற்சியை, அதாவது சி.பி.ஆரை, தனியாக யோசியுங்கள். மார்பெலும்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். வயதானவர்களுக்கு விலா எலும்புகள் உடைவது சாதாரணம். மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்று சி.பி.ஆர். பெறுபவர்களில் வீடு திரும்புவோர், நல்ல வசதியுள்ள இடங்களில்கூட, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அல்லது நால்வரில் ஒருவர்தான். நோய் முற்றியவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் குறைவு. படங்களில் பார்ப்பது போல இருமிக்கொண்டே எழுந்து உட்காருவது அரிது. இதை வைத்து ‘வேண்டாம்’ என்று முடிவெடுத்தால், அது சி.பி.ஆருக்கு மட்டும்தான் பொருந்தும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ‘சி.பி.ஆர். வேண்டாம்’ என்று கோப்பில் இருந்தால் மற்ற சிகிச்சைகளிலும் அக்கறை தளர்ந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. அதைத் தடுக்க ஒரே வரி: ‘இது தவிர மற்ற சிகிச்சைகளை வழக்கம்போலத் தர வேண்டும்.’ அறுவை சிகிச்சைக்குப் போனால் இந்த முடிவை மயக்க மருத்துவரோடு மறுபடி பேச வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போது மூச்சுக்குழாய் போடுவது சிகிச்சையின் பகுதி, அதற்கு அளவுகோல் வேறு.

மார்ஃபின் என்றாலே பலர் பயப்படுகிறார்கள். முற்றிய நுரையீரல் நோயில், மற்ற சிகிச்சைகளுக்குப் பிறகும் தணியாத மூச்சுத்திணறலுக்கு, சிறிய அளவில் கொடுத்து மெல்லக் கூட்டினால் அது சிலருக்குத் திணறும் உணர்வைத் தணிக்கலாம். தேவைப்படும்போது தரலாம் என்று பெயர் சொல்லியே எழுதிவிடுங்கள். அந்த இரவில் யாரும் தயங்க வேண்டியதில்லை.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு விஷயம். இதயத்தில் அதிர்வு கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் பொருத்தியிருப்பவர்கள், கடைசிக் கட்டத்தில் அதன் அதிர்வுச் செயல்பாட்டை எப்போது அணைக்க வேண்டும் என்று எழுத வேண்டும். இல்லையென்றால் இறக்கும் தறுவாயிலும் அது மீண்டும் மீண்டும் அதிர்ச்சி கொடுக்கக்கூடும். மறதி நோய் தொடங்கியிருப்பவர்கள் குழாய்வழி உணவு பற்றி எழுத வேண்டும். மறதி முற்றிய நிலையில் குழாய் போடுவது ஆயுளைக் கூட்டுவதாகவோ, உணவு நுரையீரலுக்குள் போவதைத் தடுப்பதாகவோ நிறுவப்படவில்லை. அவரால் விழுங்க முடிகிற அளவு, பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

இனி, யாரிடம் பொறுப்பைக் கொடுப்பது? எத்தனை பக்கம் எழுதினாலும் நீங்கள் நினைக்காத ஒன்று நடக்கும். அப்போது பேசப்போவது தாள் இல்லை, ஒரு மனிதர். ஆகவே ஆவணத்தைவிட அவரைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். உங்கள்மேல் அதிகப் பாசம் உள்ளவரா என்று பார்க்காதீர்கள். மருத்துவரிடம் கேள்வி கேட்கத் தெரிந்தவரா, நள்ளிரவில் போனை எடுப்பவரா, உறவினர்கள் சுற்றி நின்று அழுதாலும் ‘அம்மா இப்படித்தான் சொன்னாங்க’ என்று நிற்கக்கூடியவரா என்று பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் அது மகள் என்றே தோன்றுகிறது. மகளை முதலாவதாகவும், அவர் கிடைக்காவிட்டால் என்று இன்னொருவரை இரண்டாவதாகவும் எழுதுங்கள். மனக்குறை வேண்டாமே என்று இருவரையும் சேர்த்து, ‘இருவரும் ஒத்துக்கொண்டால்’ என்று எழுதிவிடாதீர்கள். ஒருவர் மறுத்தால் முடிவே இல்லாமல் போகும். உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரையோ அந்த மருத்துவமனை ஊழியரையோ போடக் கூடாது. எழுதியதிலிருந்து விலக மகளுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். ‘எழுத்தை அப்படியே பின்பற்று’ என்பது ஒன்று. ‘இது வழிகாட்டி, அந்த நேரத்தில் உனக்குச் சரியென்று படுவதைச் செய்’ என்பது வேறொன்று. இதைப் பலர் எழுதத் தவறுகிறார்கள். பின்னால் குற்ற உணர்ச்சியில் வதைபடுவது அந்தப் பிள்ளைதான்.

மகனைப் பற்றி. அப்பாவின் விஷயத்தில் மருத்துவர் ‘என்ன செய்யலாம்?’ என்று கேட்டபோது, ‘அப்பாவைச் சாகவிடலாமா?’ என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும். எந்தப் பிள்ளையால் அதற்கு ‘சரி’ என்று சொல்ல முடியும்? கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ‘அப்பா இங்கே வந்து உட்கார்ந்து தன் நிலையைத் தானே பார்த்தால் என்ன சொல்வார்?’ என்பது. அதற்குப் பதில் இரண்டு பிள்ளைகளிடமும் இல்லை, ஏனென்றால் அவர் எப்போதும் சொன்னதில்லை. சண்டையின் வேர் அங்கேதான். மகன் எழுந்து போவது உங்கள் விருப்பத்தை எதிர்த்து அல்ல, அந்த 23 நாளுக்குத் திரும்பிப் போக அஞ்சி. ஆகவே உங்கள் சாவில் தொடங்காதீர்கள். ‘அப்பாவோட கடைசி நாள்ல உனக்கு எது ரொம்ப கஷ்டமா இருந்துது?’ என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேச வேண்டாம். பிறகு, ‘அந்தக் கஷ்டம் உங்க ரெண்டு பேருக்கும் இன்னொரு தடவை வரக் கூடாது. நீ முடிவெடுக்க வேணாம், நான் எடுத்துட்டேன். நீ கேட்டுக்கிட்டா மட்டும் போதும்’ என்று சொல்லுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து முடியாவிட்டால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கூட்டிப்போய் மருத்துவரையே இந்தப் பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள். மகளைத் தேர்ந்தெடுத்ததையும் நீங்களே சொல்லிவிட வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் அவர் அதை முதன்முறையாகக் கேள்விப்படக் கூடாது.

சட்டப்படி செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு வேறு. எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இந்த ஆவணத்துக்கு அங்கீகாரம் கொடுத்து, 2023 ஜனவரி 24 அன்று நடைமுறையை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பம் பெற வேண்டும். முன்பிருந்தது போல மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை. சாட்சிகள் வெளியாட்களாக இருப்பது நல்லது. உங்கள் சார்பில் பேச ஒருவருக்கு மேல் பெயர் கொடுக்கலாம். மருத்துவமனையில் சிகிச்சையை நிறுத்துவதற்கு முன், சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழுவும், அதன்பின் வேறு மருத்துவர்கள் கொண்ட இரண்டாவது குழுவும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது வழிகாட்டுதல். சிங்கப்பூரில் 1996-இன் சட்டப்படி அதற்கென்ற படிவத்தில், ஒருவர் மருத்துவராக உள்ள இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-இன் சட்டப்படி, உயிர்காக்கும் சிகிச்சையை மறுப்பதாக இருந்தால் ‘என் உயிருக்கு ஆபத்து என்றாலும் இது பொருந்தும்’ என்ற பொருள்பட எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போனால் ஆவணம் அந்த விஷயத்தில் செல்லாது. எந்த நாடானாலும் சொத்தில் பங்குள்ளவர்களைச் சாட்சியாக வைக்காதீர்கள். ஆவணத்தின் மேல் வரும் முதல் சந்தேகமே அங்கிருந்துதான் கிளம்பும்.

ஆம்புலன்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் வருபவர்கள் வீட்டில் இருக்கும் ஆவணத்தை உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மூச்சு நின்றிருந்தால் நேராக சி.பி.ஆர். தொடங்குவார்கள், அது அவர்கள் கடமை. சில நாடுகளில் இதற்காகவே மருத்துவர் கையெழுத்திட்ட சிகிச்சை ஆணைப் படிவம் தனியாக உண்டு. உங்கள் ஊரில் அப்படி இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையென்றால், எப்போது ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், எப்போது வீட்டிலேயே மருந்து கொடுத்து மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் அவரிடமே எழுதி வாங்கி, மருந்துப் பெட்டியோடு வையுங்கள்.

ஆவணத்தை பீரோவில் பூட்டக் கூடாது, வங்கி லாக்கர் அதைவிட மோசம். மகளிடம் ஒரு பிரதி, மகனிடம் ஒன்று, மருத்துவர் கோப்பில் ஒன்று, இருவர் போனிலும் படமாக ஒன்று. கைப்பையில் ஒரு சீட்டு: ‘சிகிச்சை பற்றிய ஆவணம் எழுதியிருக்கிறேன், மகளை அழையுங்கள்’, கீழே எண். யார் யாரிடம் பிரதி இருக்கிறது என்று மூலத்தின் பின்பக்கம் குறித்துவையுங்கள். மாற்றும்போது அத்தனையையும் திரும்ப வாங்க அதுதான் உதவும்.

மனம் மாறினால் மாற்றலாம், எப்போது வேண்டுமானாலும். உங்களால் புரிந்துகொண்டு பதில் சொல்ல முடிகிறவரை இந்த ஆவணத்துக்கு வேலையே இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் சொல்வதுதான் செல்லும். வாயில் மாஸ்க் இருந்தாலும் தலையசைப்பு, கையைப் பிடிப்பது, எழுதிக் காட்டுவது எல்லாம் பதில்தான். ஒவ்வொரு முறை மருத்துவமனையில் சேர்ந்து திரும்பிய பிறகும் ஆவணத்தை எடுத்துப் படியுங்கள். ஐ.சி.யூ.வுக்குப் போய் வந்தவர்களில் சிலர் ‘இனி வேண்டாம்’ என்பார்கள், சிலர் ‘நினைத்த அளவு மோசமில்லை’ என்பார்கள். அப்படியே இருக்கட்டும் என்று தோன்றினால் புதிய தேதி போட்டு மறுபடி கையெழுத்திடுங்கள். பத்து வருடப் பழைய தேதியுள்ள தாளைவிடப் போன மாதத் தேதியுள்ள தாளை மருத்துவர் தயக்கமின்றி நம்புவார்.

பீரோவில் இருக்கும் தாளை இப்போதே கிழித்துவிட வேண்டாம். அதன் கீழே இன்றைய தேதியிட்டு, ‘மூச்சுத்திணறலுக்கு ஆக்சிஜனும் பைபாப்பும் தரலாம், மற்றதை என் மகளிடம் கேளுங்கள்’ என்று எழுதி, வெளியே எடுத்து மகளிடம் கொடுங்கள். புதிய ஆவணத்தில் சாட்சிகளும் கையெழுத்திட்ட பிறகு கிழித்துக்கொள்ளலாம்.